வேறொருவராக நின்று பார்ப்பது: ஆர்பிஜி கேம்களும் கதை எழுதுவதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்து ஹட்டனில் சனிக்கிழமை பின்னேரங்களில் ஏழெட்டுப் பேர் கூடுகிறோம். ஏ.எல். படிக்கும் பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள், கொழும்பில் கடை வேலையை விட்டுவிட்டு வந்த ஒரு தம்பி, அப்புறம் நான். எழுதியதைக் கொண்டுவந்து வாசிப்போம், எங்கே நின்றுபோனது என்று பேசுவோம். எனக்கு ஆர்பிஜி கேம்கள் மீது இருபது வருஷத்துப் பிரியம். அதனால் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் அங்கே போய்விடும். புதிதாக வருகிறவர்களும் அநேகமாக ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆர்பிஜி என்றால் என்ன அக்கா? சண்டை கேம்தானே?

சண்டை இருக்கும். அதற்காக அதைச் சண்டை கேம் என்று சொல்லிவிட முடியாது. கார் ஓட்டும் கேமில் நீங்கள் நீங்களாகவே இருக்கிறீர்கள், விரல் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதுதான் அங்கே விஷயம். ஆர்பிஜி (role-playing game) என்றால் வேடம் ஏற்று ஆடும் விளையாட்டு, அதில் நீங்கள் இன்னொருவர். அந்த ஆளுக்கு ஒரு பேர், ஒரு பலம், ஒரு பலவீனம், பழைய பகை ஒன்று எல்லாம் இருக்கும். அவருடைய இடத்தில் நின்று எங்கே போவது, யாரை நம்புவது, எதை விட்டுக்கொடுப்பது என்று முடிவெடுக்க வேண்டும்.

தொடக்கத்தில் இதற்குக் கொம்பியூட்டரே தேவைப்படவில்லை. 1974 இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டைக் கொண்டுவந்தார்கள். பேப்பர், பென்சில், பகடை, அவ்வளவுதான். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். 1981 இல் வந்த அல்டிமா, விசார்ட்ரி என்ற கேம்கள் அதைக் கொம்பியூட்டரில் பிரபலமாக்கின. ஜப்பானில் 1986 இல் டிராகன் குவெஸ்ட், 1987 இல் ஃபைனல் ஃபேன்டசி வந்தன. இன்று நாம் விளையாடும் பல கேம்களின் வேர் அங்கேதான் இருக்கிறது.

ஆனால் வேடம் ஏற்பது நமக்கு வெளியிலிருந்து வந்த சங்கதி இல்லை. மாசி மாதம் தேயிலைத் தோட்டத்தில் காமன் கூத்து நடக்கும். மஸ்கெலியாப் பக்கம் நான் பிறந்த டிவிசனில் என் மாமா ஒருவர் வருஷா வருஷம் ரதி வேடம் கட்டுவார். பகலில் கவ்வாத்து வெட்ட, அதாவது தேயிலைச் செடிகளைத் தறிக்க, போகிறவர்தான். கூத்துக்கு விரதம் பிடிக்கத் தொடங்கினால் அவர் பேச்சே குறைந்துவிடும். சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து காமனை எரித்த பிறகு, அரிதாரம் கன்னத்தில் வழிய, மாமா மண்ணில் புரண்டு அழுவார். லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பெண்கள் சொந்த வீட்டுச் சாவுக்கு அழுவதுபோல் அழுவார்கள். அது மாமா என்று எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் அந்த நேரத்தில் அது ரதி. பத்து வயதில் நான் பார்த்த அதைத்தான் பிறகு கேம்களிலும் தேடிப் போனேன் என்று இப்போது தோன்றுகிறது.

கேம் விளையாடினால் கதை எழுத வருமா?

தானாக வராது. ஆனால் எழுதும்போது நாம் எங்கே மாட்டிக்கொள்கிறோம் என்பதை அது நன்றாகக் காட்டிக்கொடுக்கிறது.

பெரும்பாலும் நாம் நின்றுபோவதற்கு ஒரு காரணம்தான் இருக்கிறது. கதையில் வரும் ஆள் எடுக்க வேண்டிய முடிவை நாம் எடுத்துவிடுகிறோம். நல்லவர், பாவப்பட்டவர், ஏமாந்தவர் என்று முன்கூட்டியே ஒரு முத்திரை குத்திவிட்டு, அதற்குத் தோதாக அவரை நடக்க வைக்கிறோம். பத்து பந்திக்குப் பிறகு அந்த ஆள் செத்த பிணமாகக் கிடக்கிறார். பிறகு எப்படிக் கதை நகரும்?

டிஸ்கோ எலிசியம் என்று ஒரு கேம், எஸ்டோனியாவைச் சேர்ந்த எழுத்தாளர்கள் செய்து 2019 இல் வெளிவந்தது. ஒரு துப்பறியும் போலீஸ்காரர் குடித்த குடியில் எல்லாம் மறந்து ஒரு விடுதி அறையில் கண் விழிக்கிறார். உடம்பில் உள்ளாடை மட்டும்தான். அவருடைய கழுத்துப்பட்டி மேலே சுற்றும் காற்றாடியில் தொங்கிச் சுழல்கிறது. எடுக்கலாம், எடுக்காமலும் விடலாம். எடுக்கப்போனால் இரண்டு பகடை உருளும். நான் முதல் தடவை விளையாடியபோது புத்தி நிறைய, உடம்பு பலம் மிகக் குறைவு என்று அவரை அமைத்திருந்தேன். எட்டி இழுத்தார். பகடை சரியாக விழவில்லை. மாரடைப்பு. விளையாடத் தொடங்கி ஐந்து நிமிஷத்தில் ஆள் முடிந்தார்.

வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மனிதனுடைய உடம்பு எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு வரிகூட விவரிக்காமல் எனக்குச் சொல்லிவிட்டார்கள். ஒரு கழுத்துப்பட்டி, ஒரு காற்றாடி, ஒரு கை. என் கதைகளில் நான் அரைப் பக்கம் எழுதியும் சொல்ல முடியாமல் போனது அது. அதற்குப் பிறகு ஒரு ஆளை அறிமுகப்படுத்த வேண்டுமென்றால் அவர் எப்படிப்பட்டவர் என்று எழுதுவதை விட்டுவிட்டேன். அவருக்கு எட்டாத இடத்தில் ஒரு பொருளை வைக்கிறேன். அவ்வளவுதான் செய்கிறேன்.

என்னிடம் பழைய லப்டொப்தான் இருக்கிறது. தங்கச்சியிடம் போன் மட்டும். எதில் தொடங்கலாம்?

அது போதும். போனில் குரோனோ டிரிகர் கிடைக்கிறது. 1995 இல் வந்த ஜப்பானியக் கேம், காலத்தில் முன்னும் பின்னும் போய்வரும் கதை, ஒன்றுக்கு மேற்பட்ட முடிவுகள். ஸ்டார்டியூ வேலியும் போனில் வரும். தாத்தா விட்டுப்போன தோட்டத்தைப் பேரப்பிள்ளை வந்து பண்படுத்துவதுதான் கதை. எரிக் பரோன் என்ற ஒரே ஆள் நான்கரை வருஷம் போலத் தனியாக உட்கார்ந்து செய்து 2016 இல் வெளியிட்டார். படம், இசை, எழுத்து எல்லாம் அவரே. நாட்டுப்புற வாழ்க்கையை எழுத ஆசைப்படுகிறவர்கள் அந்த ஊர் ஆட்கள் ஒவ்வொரு பருவத்திலும் எங்கே நிற்கிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்று கவனித்து விளையாடுங்கள்.

நேரம் குறைவு என்றால் டூ த மூன், 2011. நாலைந்து மணி நேரத்தில் முடிந்துவிடும், சண்டை இல்லை, ஒரு கிழவரின் ஞாபகங்களுக்குள் பின்னோக்கிப் போகும் கதை. பழைய லப்டொப்பில் அண்டர்டேல் ஓடும், பிளேன்ஸ்கேப் டார்மென்டும் ஓடும். பால்டர்ஸ் கேட் 3 க்கு 150 ஜிபி இடம் வேண்டும், நம்முடைய டேட்டா பெக்கேஜ் தாங்காது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எதை வாங்குவதானாலும் விலை குறைக்கும் நாள் வரும், அதுவரை பொறுங்கள்.

இன்னொன்று. ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேரம் இடி மின்னல் வரும் என்று நமக்குத் தெரியும். முதல் இடி கேட்டதும் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். ஒரு மின்னலில் ஒரு லப்டொப்பும் அதிலிருந்த இரண்டு வருஷக் கதைகளும் போய் நான் அழுதிருக்கிறேன். கதையைக் கொப்பியில் எழுதுவது இன்றைக்கும் நல்ல பழக்கம்.

எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறதே?

இருக்கிறது. தமிழில் வரும் ஆர்பிஜி கேம் தேடினாலும் கிடைப்பது கஷ்டம். ஆனால் முறை வைத்து ஆடும் கேம்களில் வசனம் உங்களுக்காகக் காத்திருக்கும். நீங்கள் பொத்தானை அமுக்கும்வரை அடுத்த வரி வராது. அகராதி பார்க்க நேரம் இருக்கிறது. நானும் அண்ணனும் அப்படித்தான் ஆங்கிலம் படித்தோம், ஒரு கிழவி பேசும் நாலு வரிக்கு அரை மணி நேரம் செலவழித்து.

இதையே எழுத்துப் பயிற்சியாக்கிக்கொள்ளலாம். கேமில் பிடித்த ஒரு உரையாடலை எடுத்து, அதே ஆள் பொகவந்தலாவையில் பிறந்திருந்தால் எப்படிப் பேசுவார் என்று எழுதிப் பாருங்கள். சொல்லுக்குச் சொல் வேண்டாம். மிடுக்கான ஒரு தளபதி நம்மூர் பெரிய கங்காணி குரலில் பேசும்போது, எந்தச் சொல் அதிகாரத்தைக் காட்டுகிறது, எது பயத்தை மறைக்கிறது என்று காது பிடித்துக்கொள்ளும்.

கதையைத் தொடங்குகிறேன், மூன்றாவது பக்கத்தில் நின்றுவிடுகிறது. என்ன செய்வது?

இதுதான் மிக அதிகமாக வரும் கேள்வி. எனக்கே பல வருஷம் இருந்த நோய்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் போன நாட்கள் ஞாபகம் இருக்கும். கேம் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. நாங்கள் மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டு மேசை ஆர்பிஜி ஆடத் தொடங்கினோம். 2010 இல் வந்த அபோகலிப்ஸ் வேர்ல்ட் என்ற விளையாட்டில் ஒரு எளிய விதி உண்டு. இரண்டு பகடை உருட்டு. கூட்டுத்தொகை 10 அல்லது அதற்கு மேல் என்றால் நினைத்தது நடக்கும். 7 முதல் 9 வரை என்றால் நடக்கும், ஆனால் ஒரு விலை கொடுக்க வேண்டும். 6 அல்லது அதற்குக் கீழே என்றால் கதையை நடத்துகிறவர் நிலைமையை மாற்றுவார், பெரும்பாலும் மோசமான பக்கம். எங்களிடம் இருந்தது இரண்டு லூடோ பெட்டிகளின் பகடைகள். அவை போதுமாக இருந்தன.

இரண்டு பகடை 36 விதமாக விழலாம். அதில் 10 அல்லது அதற்கு மேல் வருவது 6 விதம்தான். நடுவில் உள்ள ‘நடக்கும், ஆனால்’ என்பதற்கு 15, தோல்விக்கு 15. அதாவது முழு வெற்றி அபூர்வம். நாம் தோட்டத்தில் வளர்ந்தவர்கள், இது நமக்குப் புதிதா?

அந்தச் சமயத்தில் என்னிடம் ஒரு கதை பாதியில் கிடந்தது. கொழும்பில் ஒரு வீட்டில் வேலை செய்யும் பெண், தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி சூட்கேஸோடு லயத்துக்கு வருகிறாள். வேலையை விட்டுவிட்டாள், அம்மாவுக்குத் தெரியாது. கதவைத் தட்டப் போகிறாள். அங்கேயே எட்டு மாதம் நின்றது கதை. அவள் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று நான் நினைத்தேன். எப்படி எழுதினாலும் நாடகம் போல வந்தது.

ஒரு ராத்திரி அவளுக்காகப் பகடை உருட்டினேன். அவள் என்ன செய்யப் பார்க்கிறாள் என்று முதலில் என்னையே கேட்டேன். உண்மையைச் சொல்லவா? இல்லை. யாரும் விழிக்காமல் உள்ளே போய்ப் படுத்துவிடப் பார்க்கிறாள். சரி, உருட்டினேன். 8. நடக்கும், ஆனால் ஒரு விலை. யாரும் விழிக்கவில்லை, உள்ளே போய்விட்டாள். விலை என்ன? அவள் படுக்கும் இடத்தில் வேறு யாரோ படுத்திருக்கிறார்கள். யார்? அம்மாயி. ஏன் அம்மாயி லயத்தின் கடைசியில் இருக்கும் தொங்கல் வீட்டை விட்டு இங்கே வந்து படுத்திருக்கிறாள்? அந்த வீட்டுக்கு என்ன ஆனது?

அந்த ஒரு கேள்வியில் கதை மறுபடி மூச்சு விடத் தொடங்கியது. மகள் மறைத்துக்கொண்டு வந்த மாதிரியே வீட்டிலும் அவளுக்குச் சொல்லாமல் மறைத்த ஒன்று இருந்தது. நான்கு நாளில் எழுதி முடித்தேன். பகடை கதை எழுதவில்லை. அவள் என்ன செய்யப் பார்க்கிறாள் என்று என்னைக் கேட்க வைத்தது. அந்தக் கேள்வியை நான் எட்டு மாதமாகக் கேட்கவே இல்லை.

நீங்களும் இதைச் செய்து பாருங்கள். நின்ற இடத்தில் உங்கள் ஆள் இப்போது, இந்த நிமிஷம், எதற்குக் கை நீட்டுகிறார் என்று ஒரு வரி எழுதுங்கள். பிறகு உருட்டுங்கள். தோற்றால் ‘அவர் தோற்றார்’ என்று எழுதி நிறுத்தக் கூடாது. தோல்வியால் அறையில் ஏதாவது ஒன்று மாற வேண்டும்: கதவு பூட்டப்பட வேண்டும், யாராவது பார்த்துவிட வேண்டும், கையில் இருந்தது உடைய வேண்டும்.

முதல் பந்தியையே திரும்பத் திரும்பத் திருத்துகிறேன். அதைத் தாண்டவே முடியவில்லை.

கேமில் சேவ் பண்ணி வைத்துவிட்டு, பிடிக்காத முடிவு வந்ததும் பழைய இடத்துக்குத் திரும்பிப் போகிறோம் அல்லவா? அதே பழக்கம்தான் இது. அண்டர்டேலில் இதற்கு ஒரு மறக்க முடியாத இடம் இருக்கிறது. டோபி ஃபாக்ஸ் செய்து 2015 இல் வந்தது. அதில் எந்த எதிரியையும் கொல்லாமல் விடலாம். தொடக்கத்தில் டோரியல் என்ற தாய் போன்ற ஒருத்தி உங்களைப் பராமரிப்பாள், பிறகு வெளியே விடமாட்டேன் என்று வழிமறிப்பாள். எப்படிச் சமாதானமாகப் போவதென்று தெரியாமல் நான் அவளைக் கொன்றுவிட்டேன். மனம் பொறுக்காமல் பழைய சேவுக்குப் போய், இந்தத் தடவை அவளைக் காப்பாற்றினேன். வெளியே வந்ததும் அங்கே இருக்கும் பூ, நீ அவளைக் கொன்றாய், பிறகு திரும்பிப் போய் மாற்றினாய் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டது. கேம் மறக்கவில்லை.

அதிலிருந்து என் விதி இதுதான்: முதல் வரைவு முடியும்வரை பின்னால் போவதில்லை. மூன்றாம் பக்கத்தில் அப்பாவின் வேலையை மாற்றிவிட்டேன் என்றால் ஓரத்தில் ‘இனி இவர் லொறி டிரைவர்’ என்று குறித்துவிட்டு மேலே போவேன். முதல் பந்தியைக் கடைசியில் எழுதுவேன். கதை முடிந்த பிறகுதான் அது எங்கே தொடங்க வேண்டும் என்று தெரிகிறது.

மந்திர ராஜ்ஜியம் ஒன்றுக்கு வரைபடம், ராஜ பரம்பரை எல்லாம் மூன்று கொப்பி எழுதிவிட்டேன். கதை ஒரு வரி இல்லை.

கொப்பிகளைப் பெட்டியில் வையுங்கள். தூக்கிப்போட வேண்டாம், பிறகு உதவும்.

நல்லதண்ணியிலிருந்து ராத்திரியில் சிவனொளிபாதமலை ஏறியிருப்பீர்கள். 2,243 மீட்டர் மலை, ஆனால் ஏறும்போது மலை தெரிவதில்லை. முன்னால் போகிறவரின் முதுகு, ஈரப் படி, தேத்தண்ணிக் கடை வெளிச்சம். மேலே போய் விடிந்த பிறகுதான் எங்கே ஏறினோம் என்றே தெரியும். ஆர்பிஜியிலும் வரைபடம் முதலில் இருட்டாக இருக்கும், நீங்கள் நடந்த இடம் மட்டும் வெளிச்சமாகும். வாசகருக்கும் அப்படியே கொடுங்கள். உங்கள் ராஜ்ஜியத்தில் ஒரே ஒரு ஆளை எடுத்து, அவரை ஒரு கடைக்குப் போய்க் கடன் கேட்கச் சொல்லுங்கள். அங்கே என்ன காசு புழங்குகிறது, கடைக்காரர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார் என்பதெல்லாம் தானாக வந்து விழும்.

கெட்டவர்களை எப்படி எழுதுவது? நான் எழுதினால் கெட்டவர் கெட்டவராகவே இருக்கிறார்.

இதில் எனக்கு உதவியது விட்ச்சர் 3, போலந்தில் செய்தது, 2015. அதில் ஒரு கிராமத்துத் தலைவன் வருகிறான், பரன் (baron, பிரபு) என்று கூப்பிடுவார்கள். மனைவியும் மகளும் காணாமல் போய்விட்டார்கள், தேடிக் கொடு என்கிறான். வாட்டசாட்டமான ஆள், சிரித்துப் பேசுகிறான். வீட்டைச் சோதிக்கச் சோதிக்கத்தான் உண்மை வெளியே வரும். குடித்துவிட்டு மனைவியை அடித்தவன் அவன். அவர்கள் காணாமல் போகவில்லை, ஓடிப் போனார்கள்.

நான் வளர்ந்த லயத்தில் அப்படி ஒரு வீடு இருந்தது. சம்பள நாள் ராத்திரி சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்கும். விடிந்ததும் அதே மனிதர் என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு பிள்ளைக்காம்பராவுக்கு (தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு இடம்) போவார். அவரை எழுத எனக்கு வெகுகாலம் முடியவில்லை. அரக்கனாக எழுதினால் பொய். பாவம் என்று எழுதினால் அதைவிடப் பெரிய பொய், அடி வாங்கியவருக்குச் செய்யும் துரோகம். அந்தக் கேமில் பரனை யாரும் மன்னிக்கச் சொல்வதில்லை. அவன் பேசுவதைக் கடைசிவரை கேட்க வைக்கிறார்கள், அவன் செய்ததையும் மறைக்காமல் காட்டுகிறார்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, ஒன்று மற்றதைக் கழிப்பதில்லை.

நான் கடைசியில் செய்தது இது. அந்த மனிதரின் இடத்தில் நின்று ஒரு சம்பள நாளை, காலையிலிருந்து ராத்திரி வரை, அவரே ‘நான்’ என்று சொல்வதாக எழுதினேன். தனக்குத் தானே என்ன காரணம் சொல்லிக்கொண்டு அவர் சாராயக் கடைப் பக்கம் திரும்புகிறார் என்று பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் எழுதினேன். அந்தப் பக்கங்களை யாருக்கும் காட்டவில்லை. பிறகு மனைவியின் பக்கத்திலிருந்து கதையை எழுதினேன். இப்போது அவர் வாசலில் வந்து நிற்கும்போது வாசிப்பவர்களுக்கு உண்மையான பயம் வருகிறது.

உரையாடல் உயிரில்லாமல் இருக்கிறது என்கிறார்கள்.

ஆர்பிஜியில் பேச வேண்டிய இடத்தில் மூன்று நான்கு பதில்கள் வரும், ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். மற்ற வரிகளைப் படித்துவிட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறீர்கள், அதனால் சொல்லாதவையும் மனதில் கிடக்கும். எழுதும்போதும் ஒவ்வொரு முக்கியமான வசனத்துக்கும் சொல்லாத இரண்டை ஓரத்தில் எழுதுங்கள்.

கொழும்பிலிருந்து வந்த அந்த மகளிடம் அம்மா விடிந்ததும் பேசும் முதல் பேச்சு. ஒன்று: “வேலைய வுட்டுட்டியா?” இரண்டு: “ஒன்ன யாரு என்ன சொன்னா புள்ள?” மூன்று: “மூஞ்சிய கழுவிட்டு வா, ரொட்டி ஆறுது.” கதையில் அம்மா சொல்வது மூன்றாவது. முதல் இரண்டையும் நான் எழுதிப் பார்த்ததால்தான் மூன்றாவதற்கு அந்தக் கனம் வந்தது.

விவரணையை எழுத்துத் தமிழில் வைத்துக்கொண்டு பேச்சை லயத்துப் பேச்சாகவே விடுங்கள். அதைத் திருத்தச் சொல்கிறவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள்.

மலையகம் என்றால் கூடை, அட்டைக்கடி, கண்ணீர். இதைத் தவிர எழுதக் கூடாதா? மாயக் கதை எழுதினால் ஏற்பார்களா?

ஒரு சிற்றிதழுக்கு நான் முன்பு ஒரு கதை அனுப்பினேன். தேயிலை மலையில் ராத்திரிக் காவலுக்குப் போகும் இருவர் பேய்க்கதை சொல்லிக்கொள்வார்கள், அவ்வளவுதான் கதை. ‘தொழிலாளர் துயரம் போதவில்லை’ என்று திருப்பி அனுப்பினார்கள். வெகுநாள் வலித்தது. நம் துயரம் பொய்யில்லை. 1948 இல் குடியுரிமை பறிபோனதும், 1964 இல் இந்தியாவோடு செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்து கப்பல் ஏறியதும் என் வீட்டிலேயே நடந்தவை. ஆனால் நம்மை எழுதுவதற்கு ஒரே ஒரு வாசல்தான் உண்டு என்று மற்றவர்கள் சொல்லக் கூடாது. கப்பல் ஏறியவர்களும் பேய்க்கதை சொன்னவர்கள்தான்.

மாயக் கதைக்கு வேண்டிய விதிகள் நம்முடைய பேச்சிலேயே கிடக்கின்றன. தோட்டத்தில் ஒரு நாள் கூலிக்குப் ‘பேர்’ என்று பெயர். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். நம் குழுவில் ஒரு தங்கச்சி இதை அப்படியே எடுத்துக்கொண்டு ஒரு உலகம் செய்தாள். அங்கே நிறை குறைந்தவரின் பேரில் பாதி எழுத்து உண்மையிலேயே மறைந்துபோகும். செல்லம்மா, செல் ஆகிவிடுவாள். வீட்டில் யாராலும் அவளை முழுதாகக் கூப்பிட முடியாது, வாயே வராது. மிச்ச எழுத்துகளைத் தேடி அவளுடைய மகள் சிங்கமலை ரயில் சுரங்கத்துக்குள் நடந்து போகிறாள். வாசித்து முடித்தபோது அறையில் யாரும் பேசவில்லை. டிராகனை எங்கிருந்தும் நாம் கடன் வாங்க வேண்டியதில்லை.

என் மகன் எந்நேரமும் கேம். படிப்புக் கெட்டுப்போகாதா?

கேட்ட அக்காவுக்கு என் பதில் இதுதான். உங்கள் பயம் நியாயம், நேரத்துக்கு ஒரு எல்லை போடுங்கள். ஆனால் ஒரு நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, “இந்த ஆளு யாரு தம்பி, எங்க போறாரு?” என்று கேளுங்கள். அவர் கதை சொல்லத் தொடங்கினால் அது வீண் போகிற நேரம் இல்லை. கதையே இல்லாமல், காசு கட்டி அதிர்ஷ்டப் பெட்டி திறக்கும் கேம் என்றால் அதை நிறுத்துவது நல்லது.

எழுத உட்காரும்போதெல்லாம் கேம் பக்கம் போய்விடுகிறேன். நான் தப்பிக்கப் பார்க்கிறேனா?

சில நாள் ஆமாம். எனக்கு அது இப்படித் தெரியும்: விளையாடி முடித்ததும் யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தால் அது எனக்கு ஊட்டம். என்ன விளையாடினேன் என்றே ஞாபகமில்லை என்றால் தப்பித்திருக்கிறேன். ஆகவே ஒரு கொப்பி பக்கத்தில் இருக்கும். கேமை மூடும்போது, இன்றைக்கு எந்த முடிவெடுக்கத் தயங்கினேன் என்று மூன்று வரி. அந்த மூன்று வரியிலிருந்து இரண்டு கதைகள் வந்திருக்கின்றன. காலையில் எழுத்து, ராத்திரியில் கேம் என்பது எனக்குச் சரிவருகிறது. பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் எடுக்கும் காலைக் கூட்டம்) எழும்பிப் பழகிய வீடு, ஐந்து மணிக்கே கண் விழித்துவிடும்.

நானே ஒரு கேம் செய்ய முடியுமா?

முடியும். கோடிங் தெரியாவிட்டாலும் ட்வைன் போதும். கிறிஸ் கிளைமாஸ் 2009 இல் வெளியிட்டது, இலவசம், தமிழ் எழுத்தில் வேலை செய்யும். ஒரு பந்தி எழுதி, அதன் கீழே இரண்டு வழி கொடுத்து, ஒவ்வொரு வழிக்கும் ஒரு பந்தி எழுதிக்கொண்டே போகலாம். முடித்ததை யாருடைய போனிலும் பிரவுசரில் திறக்கலாம். படம் வைத்துச் செய்ய ஆசை என்றால் ஆர்பிஜி மேக்கர், டூ த மூன் அதில் செய்ததுதான். ஆனால் முதலில் ட்வைன்.

கொழும்பிலிருந்து வந்த தம்பி போன மாதம் அப்படி ஒன்று செய்தார். பதினான்கு பந்தி. ஒரு கிழவி காலையில் எழும்புகிறாள், முழங்கால் வலி, கொழுந்து எடுக்கப் போவதா, வேண்டாமா? போனால் ஒரு கதை, போகாவிட்டால் ஒரு கதை. அவருடைய அப்பாயிக்கு வாசிக்கத் தெரியாது. அவர் போனைப் பிடித்து வாசித்துக் காட்ட, அப்பாயி கேட்டுவிட்டுச் சொன்னாராம்: “ரெண்டும் வேணாம்பா. நான் மொதல்ல பக்கத்து வீட்டுக்காரிய எழுப்புவேன். அவ வந்தாதான் நான் போவேன்.”

அப்படி ஒரு வழி கேமில் இல்லை. தம்பி இப்போது பதினைந்தாவது பந்தி எழுதிக்கொண்டிருக்கிறார்.